ஆமைப்பூட்டும் சுந்தரம்பாளின் கொலைகளும்

சுந்தரம்பாள் ஒரு பத்துப் பதினைந்து பேரைக் கொன்றவள். அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். அத்தனை பேரும் உள்ளே தாழிட்ட அறைக்குள் தனியாக இருக்கும்போது செத்தவர்கள். ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒரு முறை செத்தவர்களைத் தமிழில் மறுபடி சாகடித்தது மட்டுந்தான் அவள் செய்த குற்றம். அதையும் குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரு மாடி வீட்டுச் சமையலறை மேசையில், பருப்பு அவியும் நேரத்தில் செய்தாள்.

ஆளைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மனம் வராமல் தும்புத்தடியால் மெல்லத் தள்ளி அனுப்பிவைக்கிற மனுஷி. வட்டுக்கோட்டைத் தபாலதிபரின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்து நூலகத்தில், சமயப் புத்தகங்களுக்குப் பின்வரிசையில் ஆசிரியைகள் ஒளித்து வைத்திருந்த துப்பறியும் நாவல்களில்தான் அவளுடைய ஆங்கிலம் வளர்ந்தது. முன்வரிசைப் புத்தகங்கள் அவளுக்கு மறைப்பாக நின்று உதவின. அந்த வகையில் அவையும் அவள் ஆன்மாவுக்கு ஏதோ தொண்டு செய்தன என்றே சொல்லவேண்டும்.

கணவன் மகேசன் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க். கொழும்பில் எண்பத்து மூன்றாம் வருஷ ஜூலைக் கலவரத்தில் எல்லாம் போன பிறகு, முதலில் அவன் குவைத்துக்கு வந்தான். அடுத்த வருஷம் அவளை அழைத்துக்கொண்டான். அன்பான மனுஷன். சம்பளத்தன்று பூசணிக்காய் அளவுக்குத் தர்ப்பூசணி வாங்கிவந்து, விதையெல்லாம் எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பான். அவள் எழுதிய தாள்களைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் அச்சடிக்க அனுப்பும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுப்பவனும் அவனே. ஒரே ஒரு வழக்கம் மட்டும் அவனிடம் இருந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு இறங்கும்போது, அவளை உள்ளே வைத்துக் கதவை வெளியே ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டிவிடுவான். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போவான். மாலையில் வந்து திறப்பான்.

அதற்கு அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. சும்மா நியாயமல்ல, உயிரைக் காத்த நியாயம். அந்த ஜூலையில் அவர்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தார்கள். ஒழுங்கைக்குள் ஆட்கள் கத்தியோடும் பெற்றோல் கலன்களோடும் வருகிறார்கள் என்றதும், பக்கத்து வீட்டுச் சிங்கள நேர்ஸ் ஓடிவந்து, இவர்களை உள்ளே தள்ளி, வெளியே தன் வீட்டு ஆமைப்பூட்டைப் போட்டுப் பூட்டினாள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தன் முற்றத்தில் நின்று துணி காயப்போட்டாள். வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். "அவர்கள் போன கிழமையே யாழ்ப்பாணம் போய்விட்டார்கள், பூட்டைப் பாருங்கள்" என்றாள் அவள். பார்த்தார்கள். போய்விட்டார்கள். அன்றிலிருந்து மகேசனுக்கு, வெளியே பூட்டுத் தொங்கும் கதவைவிடப் பெரிய கடவுள் கிடையாது.

குவைத்தில் யார் பெற்றோலோடு வரப்போகிறார்கள் என்று கேட்கலாம். பெற்றோல் அங்கே தண்ணீரைவிடத் தாராளம், வருவதற்குத்தான் ஆளில்லை. ஆனால் பயம் ஒரு தரம் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருக்கும். ஊர் மாறியது அதற்குத் தெரியாது.

ஆக, பூட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு பூட்டிய அறைக் கொலைகளை மொழிபெயர்த்தாள் சுந்தரம்பாள். இதில் ஏதோ பொருத்தம் இருப்பதாக அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பருப்புக்கு உப்புப் போட மறந்துவிடுகிறது என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது.

இந்த வேலையை அவளிடம் கொடுத்தவர் கௌஸ் முகைதீன். கீழக்கரைக்காரர். மூன்று தெரு தள்ளிப் பக்காலா வைத்திருந்தார்: மளிகை, சவர்க்காரம், ஏர்மெயில் உறை, ஒரு மூலையில் பழைய தமிழ் வார இதழ்கள். தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் தமிழாட்கள் அந்த மூலையைத்தான் தேடி வருகிறார்கள் என்று கண்டதும் அவருக்குப் பதிப்பாளராகும் ஆசை வந்தது. எழுதி வாங்கியதை மெட்ராஸ் மண்ணடியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பி அடிக்கச் செய்தார். லீவு முடிந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் ஊறுகாய்க்கும் வேட்டிக்கும் நடுவே கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

முதல் வெளியீடு ஒரு காதல் கதை. அட்டையில் இருந்த பெண்ணை விமான நிலையச் சுங்கச் சோதனையில் தலை முதல் கால் வரை கறுப்பு மையால் மூடிவிட்டார்கள். பேய்க்கதை என்று நினைத்து வாங்கியவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள். கௌஸ் முகைதீன் யோசித்தார். எண்ணெய் நகரமான அகமதியில் வேலை முடிந்து ஊர் திரும்பும் இங்கிலீஷ் என்ஜினியர்கள் விட்டுப்போகும் பழைய புத்தகங்களில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மகேசனோடு வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இதுல ஒருத்தன் ரூமுக்குள்ள தனியாச் செத்துக் கெடக்கான். பொம்பள கெடையாது, ஆட்டம் பாட்டம் கெடையாது. தனியாச் செத்தவன் கதைல எவன் என்ன ஆட்சேபம் சொல்ல முடியும்? அட்டைல ஒரு பூட்டின கதவு போட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது!"

"செத்தவர் விஸ்கி குடிச்சுக்கொண்டிருக்கேக்கதான் செத்திருக்கிறார், முதலாளி," என்றாள் அவள், பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு.

"எலுமிச்ச ஜூஸ் குடிக்கச் சொல்லுங்க. ஒடம்புக்கும் நல்லது."

இப்படித்தான் 'தாழ்ப்பாள் சொன்ன பொய்' வந்தது. ஒரு கனவான் எலுமிச்சை ஜூஸைக் குடித்துக் குடித்து நாக்குக் குழறி, தள்ளாடிப்போய்க் கதவைத் தாழிட்டுவிட்டுச் செத்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அனுமதி என்ற சொல்லைக் கௌஸ் முகைதீன் விசாவோடு மட்டுமே தொடர்புபடுத்தி அறிந்திருந்ததால், அந்த இங்கிலீஷ் ஆசிரியர்களுக்குத் தங்கள் பாத்திரங்கள் மதுவிலக்கில் சேர்ந்தது தெரியாமலே போயிற்று. அட்டையில் 'தமிழில்: சுந்தரம்' என்று போட்டார். பெயரின் வால் எங்கே என்று அவள் கேட்டதற்கு, அட்டையில் இடமில்லை என்றார். கதவுப் படம் அவ்வளவு பெரிது.

புத்தகங்கள் விற்றன. அடுத்தது, அடுத்தது என்று வந்தன. பூட்டைப் பற்றி அவள் மகேசனிடம் பேசாமல் இருந்தாள் என்றில்லை.

"இஞ்சாருங்கோ, ஒரு நாளைக்குப் பூட்டாமல் போய்ப் பாருங்கோவன். நான் உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறன்."

"உள்ளுக்கோ? உம்மட புத்தகத்தில செத்தவன் முழுப்பேரும் உள்ளுக்குப் பூட்டினவன்தானே? வெளியால பூட்டின வீட்டுக்குள்ள ஒருத்தனாவது செத்தவனோ? சொல்லும் பாப்பம்."

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையாகவே ஒருவனும் இல்லை. இலக்கியம் மகேசன் பக்கமே சாட்சி சொன்னது.

"கடைக்கு ஒருக்காப் போய்வரக்கூட ஏலாதே எனக்கு?"

"என்ன வேணும் சொல்லும், நான் வாங்கியாறன்."

வேண்டியது கடையில் விற்கிற பொருள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பச்சைமிளகாய் என்றாள்.

எண்பத்தாறாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை. லீவு நாள். சுந்தரம்பாள் ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். கொலைகாரன் வெளியே நின்றுகொண்டே உள்தாழ்ப்பாளைப் போட்ட விதம் அந்த வாக்கியத்தில் இருந்தது. தாழ்ப்பாளின் குமிழில் நூலைச் சுற்றி, நிலையில் குத்திய ஊசியைச் சுற்றி வளைத்து, கதவுக்கு அடியால் வெளியே விட்டு இழுத்தான். தாழ் விழுந்தது. அதுவரை விளங்கியது. பிறகு ஊசி நூலோடு வெளியே வந்ததா, உள்ளேயே விழுந்து கிடந்ததா? ஆங்கிலக்காரர் இரண்டுக்கும் இடம் வைத்து எழுதியிருந்தார். அது அவர்களுக்குக் கைவந்த கலை.

அவள் தையல் பெட்டியை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வெளியில போய் நிண்டு இந்த நூலை இழுங்கோ."

"என்ன விசர் வேலையப்பா இது!" என்றான் மகேசன். ஆனால் போனான். மனைவி கேட்ட பச்சைமிளகாய் அல்லாத ஒன்றைக் கொடுக்க முடிந்ததில் அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கொரிடோரில் குந்தியிருந்து நூலை இழுத்தான். தாழ் மெல்ல நகர்ந்து, வளையத்துக்குள் டக்கென்று விழுந்தது. "விழுந்திட்டுது!" என்று உள்ளேயிருந்து அவள் கைதட்டினாள். இன்னும் இழுக்கச் சொன்னாள். இழுத்தான். ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தது, தாழுக்கும் வளையத்துக்கும் இடையில் போய்ச் செருகிக்கொண்டது, நூல் அறுந்தது. அவள் தாழைத் திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை.

"திறவும்," என்றான் மகேசன்.

"இறுகிப்போச்சு. கொஞ்சம் பொறுங்கோ."

"சுந்தரம், கதவைத் திறவும்."

"திறக்கத்தானே பாக்கிறன்!"

அவன் கதவில் கையால் அறைந்தான். மூன்று, நாலு தரம். அந்தச் சத்தம் உள்ளே கேட்டதும் அவள் தாழை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள். எதிர்வீட்டு வெங்கட்ராமன், பேங்க் உத்தியோகஸ்தர், பனியனோடு வெளியே வந்து, "என்ன சார், கதவை உடைச்சுடலாமா?" என்று கேட்டார். அடுத்தவர் கதவை உடைப்பதில் மனுஷனுக்கு ஓர் ஆசை இருக்கத்தான் செய்கிறது.

"உடைக்க வேண்டாம்," என்றான் மகேசன். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "ஒருத்தரும் இந்தக் கதவைத் தொடவேண்டாம்."

வெங்கட்ராமன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல உள்ளே போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார். மகேசன் அப்படியே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் இருந்துவிட்டான். உள்ளே அவளும் இருந்தாள். நடுவில் ஒரு மரப்பலகை. அதன் அடியில், நூல் போன இடைவெளியில், அவன் சாரத்தின் கரை தெரிந்தது.

"தட்டாதேங்கோ," என்றாள். "எனக்கு அந்தச் சத்தம் ஏலாது."

"எனக்கும் ஏலாது." பிறகு, "உள்ளுக்கு நீர் இருக்கிறீர், என்னால வர ஏலாதெண்டால்..." என்று நிறுத்தினான்.

அந்த ஜூலையைப் பற்றி இருவரும் அதுவரை பேசியதில்லை. விருந்தினருக்கு மகேசன் சொல்வான். நேர்ஸ், துணி காயப்போட்டது, பூட்டு. அவள் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவாள்.

"ஒண்டு கேக்கட்டோ?" என்றாள். "அண்டைக்கு உங்களுக்கு என்ன ஞாபகம்?"

"பூட்டு. அவ அதை அமத்தின சத்தம். இனித் தப்பினம் எண்டு நினைச்சன்."

"எனக்கும் அந்தச் சத்தம் ஞாபகம்." கதவடியில் கிடந்த அறுந்த நூலை விரலில் சுற்றினாள். "பிறகு அடுத்த ஒழுங்கையில வீடு எரிஞ்சுது. யன்னலுக்கால புகை வந்தது. எங்கட வீட்டுக்கும் வைச்சாங்கள் எண்டால் எப்பிடி வெளியில போறது எண்டு நான் கதவைப் பாத்தன். போக வழியில்லை. நீங்கள் பூட்டைக் கேட்டியள். நான் புகையை மணந்தனான்."

மறுபக்கத்தில் அவன் முதுகு கதவில் உரசும் சத்தம் கேட்டது.

"அந்த மனிசி எங்களைக் காப்பாத்தினவதான். அவவுக்கு ஒவ்வொரு நாளும் கும்பிடுறன். ஆனால் நீங்கள் காலமை பூட்டி இழுத்துப் பாக்கிறியள் எல்லோ, அந்த நேரம் எனக்குப் புகை மணக்கும். ஒவ்வொரு நாளும். பிறகு எழுதத் தொடங்கினால் மணக்காது."

ஒரே கதவு. இரண்டு சாட்சிகள். இருவரும் உண்மை சொல்கிறார்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவள் மொழிபெயர்த்த துப்பறிவாளர்கள் யாரிடம் கொடுத்தாலும் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தீர்த்திருப்பார்கள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றான் மகேசன்.

"உங்களுக்கு நித்திரை வாறதே அந்தப் பூட்டாலதான். அதை எப்பிடிப் பறிக்கிறது?"

சாரத்தின் கரை கொஞ்சம் நகர்ந்தது. கதவுக்கு அடியால் நாலு விரல்கள் உள்ளே வந்தன. அவளும் கையை அங்கே வைத்தாள்.

"தேங்காயெண்ணெய் விட்டுப் பாரும்," என்றான் கடைசியில். "கரண்டிக் காம்பால மேலுக்குத் தட்டும்."

எண்ணெய் விட்டுத் தட்டியதில் ஊசி கீழே விழுந்தது. கதவு திறந்தது. ஆக ஊசி உள்ளேயேதான் விழும், வாக்கியம் தீர்ந்தது. மற்றது தீரவில்லை. அன்று முழுக்கப் பூட்டு கதவோரத்தில் கிடந்தது.

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ் கீழே ஹார்ன் அடித்தது. மகேசன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, கையில் பூட்டோடு வாசலில் நின்றான். ஹார்ன் மறுபடி அடித்தது. அவன் திரும்பி வந்து, பூட்டையும் இரண்டு சாவிகளையும் அவள் எழுதும் மேசையில் வைத்தான். கதவை வெளியே சாத்தினான். படியில் இறங்கும் சத்தம் கேட்டது, நின்றது, ஏறி வந்தது. கதவை யாரோ தொட்டுப் பார்ப்பதுபோல் ஒரு சின்னச் சத்தம். மறுபடி இறங்கிப் போனது.

இத்தனை நாள் கேட்டது கிடைத்தவுடன் சுந்தரம்பாள் செய்த முதல் காரியம், பயந்தது. கதவைத் திறந்து கொரிடோரை எட்டிப் பார்த்தாள். சாத்தினாள். பருப்பை அடுப்பில் வைத்தாள். இறக்கினாள். சேலை மாற்றினாள். மாற்றியதை மறுபடி மாற்றியபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கடைசியில் மேசையில் இருந்த ஆமைப்பூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஆளில்லாத வீட்டைப் பூட்டினாள். ஒரு சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். மற்றதையும் போட்டாள்.

கௌஸ் முகைதீன் கடைக் கல்லாவில் அவளைக் கண்டு எழுந்து நின்றார். "அல்லா! தங்கச்சியா? தம்பி எங்க?"

"டியூட்டிக்குப் போயிட்டார். மிளகாய் வாங்க வந்தனான்."

புத்தக மூலையில் ஓர் ஆள் நின்றான். கையில் கட்டுப்போட்டிருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்து வேலுச்சாமி, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை, விரல் நசுங்கியதால் கேம்ப்பில் லீவு. அவள் 'தாழ்ப்பாள் சொன்ன பொய்'யைக் கையில் எடுப்பதைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் சொன்னான்:

"அக்கா, அது வேணாங்க. நம்ப முடியாத கதை."

கௌஸ் முகைதீன் வாயைத் திறந்தார். அவள் கண்ணால் தடுத்தாள்.

"ஏன் தம்பி, தாழ்ப்பாள் போட்ட விதமோ?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு ரூமாம். அதுக்குள்ள தனியா ஒக்காந்திருக்கானாம். அந்த சொகத்த வச்சுக்கிட்டு எவனாச்சும் கதவத் தொறந்துவெச்சு எதிரிய உள்ள விடுவானா? எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. ஒருத்தன் செத்தா பதினோரு சாட்சி, பதினோரு பேரும் தூங்கிட்டிருந்தேம்பான். அப்படி ஒரு கதை எழுதச் சொல்லுங்க, அந்த சுந்தரம் சார."

"அவர் எழுதுறவர் இல்லை, மொழிபெயர்க்கிறவர்."

"அதான் பாத்தேன். நல்ல மனுசன்தான், பாவம். ஆனா மனசுல ஏதோ பயம் இருக்குங்க அவருக்கு. கதவு வர்ற எடமெல்லாம் ரெண்டு வரி கூடுதலா எழுதுறாரு."

சுந்தரம்பாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு புத்தகத்தை அத்தனை கவனமாகப் படிக்கிற ஒருவனை அவள் அதுவரை நேரில் கண்டதில்லை. படிக்கிற ஒருவனையே கண்டதில்லை. அவனோடு நின்று, புகைபோக்கி வழியாகக் கொலைகாரன் வரலாமா, ஏசிக்கு விட்ட ஓட்டை வழியாக வரலாமா என்று வெகுநேரம் வாதாடினாள். கௌஸ் முகைதீன் இருவருக்கும் தேத்தண்ணி வரவழைத்தார். மிளகாய் வாங்க மறந்துபோனாள்.

திரும்பி வரும்போது மதியம் கடந்துவிட்டது. படியேறி வந்தவள் மேல்படியில் நின்றுவிட்டாள். மகேசன் தங்கள் கதவுக்கு எதிரே, சுவரோடு சாய்ந்து தரையில் இருந்தான். சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. பெர்மிஷன் போட்டு, எவனோ டிரைவரைக் கெஞ்சி வந்திருக்கிறான். கண் பூட்டில் இருந்தது.

"எப்ப வந்தனீங்கள்?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவளை மேலும் கீழும் பார்த்தான், எண்ணிச் சரிபார்ப்பவன்போல.

"பூட்டிக் கிடந்தது," என்றான்.

"ஓம். நான்தான் பூட்டினனான்."

"தட்டிப் பாத்தன். நீர் உள்ளுக்கு இருந்துகொண்டு, சத்தம் போடாமல் இருக்கிறீர் எண்டு நினைச்சன்." நெற்றியைத் துடைத்தான். "அண்டைக்கு நாங்கள் இருந்த மாதிரி."

அவள் அவன் பக்கத்தில் தரையில் இருந்தாள். சேலை அழுக்காகும் என்று அவன் சொல்லவில்லை.

"உள்ளுக்கு ஒருத்தரும் இல்லையப்பா," என்றாள். "பூட்டினால் ஆள் இல்லை எண்டுதான் அர்த்தம். வேறை ஒண்டும் இல்லை."

அவன் தலையாட்டினான். வெங்கட்ராமன் வீட்டுக் கதவு ஒரு கோடு திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். "இந்தாங்கோ, திறப்பு."

அவன் வாங்கவில்லை. "நீர் திறவும். நீர்தானே பூட்டினனீர்."

"பூட்டினவள்தான் திறக்கவேணுமோ?" என்று சொல்லிக்கொண்டு எழுந்து திறந்தாள். இரண்டாவது சாவியை அவன் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டாள். உள்ளே வந்ததும் மகேசன் பழக்கத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தான். தாழ்ப்பாளில் கைவைத்தான்.

"போடவோ?"

"வேண்டாம். சாத்தினால் போதும்."

அவன் சாத்தினான். இழுத்துப் பார்க்கப் போன கையைப் பாதியில் நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான்.